ஆட்சேபணை இல்லாத கூழ்

ஒரு காட்டில் கூழ் என்றால் உயிரை விடும் மிருகங்கள் வாழ்ந்தன. அங்கே வெளியூரிலிருந்து வந்த தணிகாசலம் என்ற நரி, காகித ஆலை வைக்க ஆசைப்பட்டது. மூங்கிலை அரைத்து காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் காகிதம் செய்யக் கூழ் கிடைக்கும். இதையெல்லாம் விளக்கினால் யார் சம்மதிப்பார்கள்? அதனால் சுருக்கமாக நோட்டீஸ் ஒட்டியது: "ஆடி முதல் வெள்ளி, மூங்கில் தோப்பில் கூழ் காய்ச்சப்படும். ஆட்சேபணை இல்லாதவர்கள் கைநாட்டு வைக்கவும்."

கூழுக்கு எந்த மடையன் ஆட்சேபணை சொல்வான்? வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. முதலில் நின்ற பூவாத்தா என்ற முயல் இரண்டு கையையும் மையில் முக்கி வைத்தது. அதன் வளை அந்தத் தோப்புக்குள்தான் இருந்தது. வாசலிலேயே கூழ் கிடைக்கப் போகிற பூரிப்பு அதற்கு.

"தொட்டுக்க சின்ன வெங்காயம் உண்டுங்களா?"

"அது ரெண்டாம் கட்டத்துல வரும்மா," என்றது நரி.

வெள்ளிக்கிழமை எல்லாம் தூக்குவாளியோடு போய் நின்றன. குரங்குகள் மூங்கிலை வெட்டிச் சாய்த்தன. இயந்திரம் அதை அரைத்துச் சக்கையாக்கியது. கொப்பரையில் கொதித்ததைக் கரடி ஆசை தாங்காமல் விரல் விட்டு நக்கி, நாக்கு வெந்துபோய் உட்கார்ந்தது.

அப்போதுதான் பூவாத்தா கவனித்தது. தோப்பில் ஒரே ஒரு புதர்தான் மிச்சம். அதன் அடியில், கண் திறக்காத ஐந்து குட்டிகள்.

"ஐயா, என் புள்ளைங்க உள்ள இருக்குது! நிறுத்தச் சொல்லுங்க!"

"ரெண்டு கையும் வெச்சது நீதானே?" என்றது நரி. "ஆட்சேபணைன்னா காகிதத்துல எழுதி மூணு பிரதி கொடு."

"காகிதத்துக்கு நான் எங்கே போவேன்?"

"அடுத்த வாரம் நாங்களே தயாரிச்சுத் தருவோம்."

"இலையில எழுதித் தரட்டுங்களா?"

"இலை செல்லாது. அது மூலப்பொருள்."

குரங்குகள் கடைசிப் புதருக்குப் போய்விட்டன. சுற்றிலும் ஒரு கூட்டம், காலித் தூக்குவாளியோடு கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றது. பூவாத்தா கொப்பரை வைத்திருந்த மேடையில் தாவி ஏறி, தொண்டை கிழியக் கத்தியது:

"அதெல்லாம் சரி, முதல் செம்பு யாருக்கு?"

அவ்வளவுதான்.

"தாத்தா காலத்துலேர்ந்து முதல் மரியாதை எங்க வகையறாவுக்குத்தான்," என்றது யானை.

"அப்ப நாங்கல்லாம் எச்சில் இலை எடுக்க வந்தவங்களா?" என்று பாய்ந்தது காட்டுப்பன்றி.

"நாக்கு வெந்தவன் நானு! எனக்குத்தான்!" என்று குழறியது கரடி.

"ஐயோ, இது குடிக்கிற கூழே இல்லய்யா!" என்று அலறியது நரி.

"அதைச் சொல்ல நீ யாருடா, வெளியூர்க்காரன்?"

இதில் மட்டும் காடே ஒற்றுமையாக இருந்தது. புதரை வெட்டப் போன குரங்குகளும் அரிவாளைப் போட்டுவிட்டு, தங்கள் பங்கு மரியாதையைக் கேட்க ஓடி வந்தன. மாலைக்குள் மூன்று மண்டை உடைந்தது. தாசில்தார் சிங்கம் வந்து இரு தரப்பையும், பிறகு ஏழு தரப்பையும் விசாரித்தது. முதல் மரியாதை யாருக்கு என்று முடிவாகும்வரை ஆலைக்குச் சீல் வைத்தது.

விசாரணை இன்னும் நடக்கிறது. பூவாத்தாவின் ஐந்து குட்டிகளும் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

நீதி: அநியாயத்தை நிறுத்த மனு எழுதாதே. அதில் முதல் மரியாதை யாருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்.