கொந்தராத்தர் பார்த்த துவக்குகள்

எண்பதுகளில் ஆக்லாந்தில் குடியிருந்த தமிழர்களில் கொந்தராத்தரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் வாங்கவில்லை என்று யாராவது சொன்னால், அவர் அப்போது வெலிங்டனில் இருந்திருப்பார்.

கான்ட்ராக்ட் என்று நாம் சொல்வதை யாழ்ப்பாணத்தில் கொந்தராத்து என்பார்கள். இவர் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: மேலே பளபளப்பு, உள்ளே ஏமாற்று. எதைப் பார்த்தாலும் அதையே சொன்னதால் ஊர் அவருக்கே அதைப் பெயராக வைத்துவிட்டது. லின்ஃபீல்டில் ஒரு மலேசியத் தமிழர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். கொந்தராத்தர் சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, கொந்தராத்து என்றார். பிறகு கேசரியைக் கரண்டியால் கிளறி, முந்திரி மேல்பக்கம் மட்டும்தான் என்று கண்டுபிடித்து, இதுவும் கொந்தராத்து என்றார். அந்த வீட்டம்மாள் மூன்று மாதம் என் மனைவியோடு பேசவில்லை. கொந்தராத்தரைக் கூட்டிப்போன பாவி நான்தான்.

நான் திருச்சிக்காரன். நகரத்தில் ஒரு ஏலக் கடையில் விற்பனைப் பட்டியல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே பின்கட்டில் பெட்டி தூக்க வந்து சேர்ந்தவர் இவர். ஐம்பது வயது. ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் சரக்குப் பரிசோதகராக இருந்தவர். கொந்தராத்துக்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் ஆணி, திருகு, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் பார்த்து, தேறியதில் முத்திரை குத்துவார். தேறாதது வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எப்படியோ தனியாக இங்கே வந்துவிட்டார். மனைவியும் ஒரே மகனும் யாழ்ப்பாணத்தில். அவர்களுக்கு விசா வர வேண்டும், மகனை இங்கே படிக்க வைக்க வேண்டும். பெட்டி தூக்கியது அதற்காகத்தான்.

முதல் நாளே என்னிடம் வந்து, “துவக்கு எங்கை கிடக்கு ஐசே?” என்றார். ஐசே என்றால் நம் ஊர் ‘ஏம்ப்பா’ என்று புரிந்தது. எதைத் துவக்க வேண்டும் சார் என்று கேட்டேன். துவக்கைத்தான் என்றார். அதுதான் சார், எந்த வேலையைத் துவக்குவது என்றேன். இப்படியே ஐந்து நிமிடம் ஓடியது. துவக்கு என்றால் அவர்கள் பேச்சில் துப்பாக்கி என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து முணுமுணுத்தது என்ன சொல் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அவர் கேட்டது, ஏலத்துக்கு வந்திருந்த பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலான சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சண்டை மும்முரமானதும் ஆங்கிலேய அரசாங்கம் சமாளிக்க முடியாமல் தனியாருக்குக் கொந்தராத்து விட்டதாம். ஒருவன் குழல் செய்வான், ஒருவன் விசை செய்வான், இன்னொருவன் கட்டை செதுக்குவான். அரசாங்கப் பரிசோதகன் முத்திரை குத்த வேண்டும். இதைக் கேட்டதும் கொந்தராத்தருக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கடையிலிருந்த புத்தகங்களைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துத் தீர்த்தார். மரத்தில் பல்குச்சியால் குத்தி, வெடிப்பை மெழுகால் அடைத்திருக்கிறான் கள்ளன் என்பார். உள்பக்கம் கீறியிருக்கும் அடையாளங்களை ஒப்பிட்டு, இந்த விசை இந்தக் குழலுக்குப் பிறந்ததல்ல என்பார். முத்திரை கோணலாக விழுந்திருந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். பாவம், இவனை அவசரப்படுத்தியிருக்கிறார்கள் என்பார். செத்து நூறு வருடமான ஒரு வெள்ளைக்காரப் பரிசோதகனுக்காக அவ்வளவு வருத்தம்! இருந்தும் அவர் போட்ட மதிப்பு ஏலத்தில் தப்பியதே இல்லை. முதலாளி அவரைப் பெட்டி தூக்குவதிலிருந்து விடுவித்து ஒரு மேசை கொடுத்தார். மேசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அதுவே பெரிய மரியாதை.

ஒருநாள் விசையைக் கழற்றும்போது வில் தெறித்து அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அன்று பார்த்து மனைவியின் கடிதம் வந்தது. வாசியும் ஐசே என்று என்னிடம் கொடுத்தார். நலம் விசாரிப்பெல்லாம் வாசித்து முடித்து, “தம்பி போன கிழமை இயக்கத்துக்குப் போட்டான்” என்ற வரிக்கு வந்தேன்.

நான் சினிமாப் பைத்தியம். இயக்கம் என்றால் எனக்குத் திரையில் கடைசியாக வரும் பெயர்தான். தம்பி என்றால் அவருடைய தம்பி என்றே நினைத்தேன்.

“தம்பி டைரக்‌ஷன் பக்கம் போயிட்டாரா சார்? சொல்லவே இல்லையே!” என்று கையை நீட்டினேன்.

அவர் கையைக் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியில் மெல்ல உட்கார்ந்தார். “தம்பியெண்டு என்ரை மகனைத்தான் சொல்லுறா. இயக்கமெண்டால், துவக்குத் தூக்கிறது.”

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் இரண்டு விசாவும் வந்தன. மகன் எங்கே என்றே தெரியவில்லை. அவன் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்று மனைவி வர மறுத்துவிட்டார். விசாவுக்கு ஒரு வருடக் கெடு இருக்கிறது, அதற்குள் வந்துவிடுவான் என்று கொந்தராத்தர் என்னிடம் தினமும் சொன்னார். நானும் தினமும் ஆமா என்றேன்.

அதன்பிறகு அவர் துப்பாக்கி பார்க்கும் முறையே மாறிவிட்டது. மரம், முத்திரை எல்லாம் பின்னால். முதலில் நெருப்பு உள்ளே போகும் துளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அடுத்து, கல் மோதும் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று தடவுவார். இது ஒருமுறைகூடச் சுடாத துவக்கு என்று தெரிந்தால் அன்றைக்கு என் செலவில்லாமல் எனக்கு டீ கிடைக்கும்.

கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். தன் பாட்டனாருக்குப் பாட்டனார் இந்தத் துப்பாக்கியால் பத்துப் பேரைச் சாய்த்தார் என்று கொண்டுவந்து வைத்தார். கொந்தராத்தர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர, உங்கள் பாட்டனார் ஒரு குருவியைக்கூடச் சுடவில்லை, ரொம்ப நல்ல மனிதர் என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். மனிதருக்கு வந்ததே கோபம். முதலாளி ஓடிவந்தார். கதை போனால் விலை போய்விடும் என்று பயந்தார். கொந்தராத்தர் அசையவில்லை. சுடாமல் புதிதாகவே இருந்ததால், அந்த வருடத்திலேயே அதிக விலைக்குப் போனது அதுதான். ஆனாலும் பெரியவருக்கு மனசு ஆறவில்லை. சுடாத துப்பாக்கியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசாக் கெடு முடிய ஆறு வாரம் இருக்கும்போது அடுத்த கடிதம் வந்தது. இப்போது அவருக்குப் புதுக் கண்ணாடி இருந்தது. தானே வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு என் மேசைக்கு வந்து என்னிடம் நீட்டினார். நான் வாசித்தால் வேறு அர்த்தம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. முதல்முறை போலவே ஏதாவது முட்டாள்தனமாகச் சொல்ல மாட்டேனா என்று அவர் என் வாயையே பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதில் தப்பாகப் புரிந்துகொள்ள ஒரு சொல்கூட இல்லை. சண்டையில் இல்லை. சுடப் பழகும்போது குழல் வெடித்ததாம். பிள்ளையின் உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து தரவில்லையாம்.

முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் போகவில்லை. நானும் அவரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கேட்டார்.

“அந்தத் துவக்கைக் குடுக்க முன்னம், ஆரும் ஒருக்கால் பாத்திருப்பினம்தானே ஐசே?”

துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவருக்கு எல்லாம் தெரியும். அது எங்கே செய்ததோ, யார் விற்றதோ, எத்தனை கை மாறியதோ. அதில் முத்திரை குத்த எவன் இருந்திருப்பான்?

“பார்த்துத்தான் குடுத்திருப்பாங்க, அண்ணே” என்றேன். அதுவரை அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

கொந்தராத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ பேர் எத்தனையோ கதையோடு அவர் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் கதையையும் அவர் விட்டுவைத்ததில்லை.

“ஓம்” என்று ஒத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் நான் போய் உட்கார்ந்தேன். கடைசியில் அவர்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.