சொரிமுத்து கட்டிய நூற்றாண்டுத் தொழுவம்

சீவலப்பேரி சொரிமுத்துவின் மாட்டுத் தொழுவம் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் மேற்குச் சுவர் விழுவதற்குத் தயாராக இருந்தது. பசு நிறைசினை. ஐப்பசி மழைக்குள் சுவரைப் பிரித்துக் கட்டச் சொல்லி, மனைவி முத்துராணி அவரைக் கொத்தனாரிடம் அனுப்பியிருந்தாள்.

கொத்தனாருக்கு முன்னால் பாரம்பரியக் கணக்கெடுப்பு அலுவலர் கோமதிசங்கர் வந்துவிட்டார். ஆற்றங்கரை ஊர்களின் பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் பட்டியலிடுவது அவர் வேலை. உண்மையான பழைய வீடுகளை நாங்கள் இடித்து, முகப்பில் கண்ணாடி பதித்து நாளாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்ப இருந்தவர் கண்ணில் தொழுவத்தின் தேக்கு வாசல்நிலை பட்டது. அதில் 1889 என்று செதுக்கியிருந்தது. மறுவாரமே நீலப் பலகை நட்டார்கள்: இதைப் பழுதுபார்ப்பது தண்டனைக்குரிய குற்றம்.

சொரிமுத்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். தொழுவத்தைப் பதினைந்து வருஷம் முன்பு தானே கட்டியதாகவும், நிலை மட்டும் பழைய மரக்கடையில் வாங்கியது என்றும் சொன்னார். கோமதிசங்கர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கட்டடத்துக்கு வயது நூற்று முப்பத்தைந்து. கட்டியவர் இன்று உயிரோடு இருக்க முடியாது. நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கட்டவில்லை.”

“நாந்தான் சார் கெட்டுனேன். இந்தா முன்னால நிக்கேம்லா.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்.”

ஊரே திரண்டு மனு எழுதினோம். கட்டியது சொரிமுத்துதான் என்று அறுபது பேர் கையெழுத்துப் போட்டோம். அலுவலகம் மனுவை முழுமனதாக ஏற்றது. கட்டியவர் பெயர் சொரிமுத்து என்பது ஐயமற நிரூபணமாகிறது. முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது இவ்வட்டார வழக்கமாதலால், மனுதாரர் அன்னாரின் கொள்ளுப்பேரன் எனக் கருதப்படுகிறது என்று பதில் வந்தது.

மழை இறங்கியது. முத்துராணி பசுவை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினாள். வீட்டுக்குள் மாடு கட்டக்கூடாது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. டிவிக்கு முன்னால் கன்று பிறந்த மூன்றாம் நாள் மேற்குச் சுவர் சரிந்தது. கோமதிசங்கர் வந்து பார்த்து மகிழ்ந்தார். இதுவரை வெறும் கட்டடம், இனி இது சிதைவு, சிதைவுக்கு மதிப்பு கூடுதல் என்று விளக்கிவிட்டுக் கம்பிவேலி போட்டார். பாளையங்கோட்டையிலிருந்து கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள். சாணத்தை அள்ள வந்த முத்துராணியிடம், அது அப்படியே கிடக்கட்டும், படத்தில் நன்றாக விழுகிறது என்று கேட்டுக்கொண்டார்கள்.

தை மாதம் விழா எடுத்தார்கள். கட்டியவர் படம் வேண்டுமென்று, கொள்ளுப்பேரனைப் பார்த்து வரைந்து, மீசையை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். மேடையில் சொரிமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். எங்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் இருந்தது. கைதட்டினோம். பிறகு, மறைந்த மாமனிதருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள்.

ஊரே எழுந்து தலைகுனிந்தது. முன்வரிசையில் முத்துராணி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சால்வையோடு தலைகுனிந்து நின்ற சொரிமுத்து மேடையிலிருந்து அவள் பக்கம் பையச் சாய்ந்தார்.

“எந்திரிட்டி. எல்லாரும் பாக்காவ.”