வியாழக்கிழமை வெறும் நெற்றி

ஹம்பேர்க்,
ஞாயிறு மாலை

பேரன்புக்கும் பெரும்பயத்துக்கும் உரிய அஜிதா அக்கா அறிவது,

நம் வீட்டு ஆட்டிறைச்சிச் சட்டி ஆறு வாரங்களுக்கு முன் பணி ஓய்வு பெற்றுவிட்டது என்பதை ஆழ்ந்த மரியாதையுடன் அறிவிக்கிறேன். அதில் அம்மா இப்போது கொத்தமல்லி வளர்க்கிறார். நான் நலம். நீயும் படிக்கப் போன ஆஹென் நகரில் நூடில்ஸ் தின்று நலமாக இருப்பாய்.

அப்பாவின் இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டது, இதயத்துக்குக் கூடாது, மூன்று மாதம் ஆடு, மாடு, சொசேஜ் ஒன்றும் வேண்டாம் என்று டொக்டர் சொன்ன அன்று, "ஆரூரன், அப்பாவைப் பாத்துக்கொள்ளடா" என்று போனில் அழுதாயே, பார்த்துக்கொண்டேன். துணைக்கு நானும் மீன், இறைச்சி என்று மச்சம் முழுவதும் விட்டேன். நாற்பத்திரண்டு நாள், ஒரு கோழிக்கால்கூட இல்லை! "இறைச்சியை விட்டா மனுசனுக்குக் கோவம் குறையும்" என்று அம்மா சொன்னதால், குசினிச் சுவரில் அப்பாவின் கோப அட்டவணை ஒட்டிப் பத்துக்கு எத்தனை என்று தினமும் புள்ளி போட்டேன். முதல் வாரம் பத்துக்குப் பன்னிரண்டு. சோயாமீற்றைக் கரண்டியில் தூக்கி, "என்னடா உது, சப்பாத்து அடியோ?" என்றார். ரிமோட்டைத் திட்டினார். அவர் பார்த்த பார்வையில் பக்கத்து வீட்டு நாய் உள்ளே ஓடிவிட்டது. மச்சம் போனது, எங்களுக்கு அச்சம் வந்தது.

ஆனால் வியாழன்களில் மட்டும் வேலையால் வரும்போதே பாட்டு. முகம் கழுவித் திருநீறு பூசாமல் தேத்தண்ணி குடிக்காத மனிதர், அன்று மட்டும் சாமி அறைப் பக்கம் போவதில்லை. "ஏனப்பா?" என்றால், "தடிமனடா, மூக்கு ஓடுது." தடிமனுக்கும் நெற்றிக்கும் என்ன சம்பந்தம்? மச்சம் தின்றால் முழுகும்வரை திருநீற்றைத் தொடமாட்டார், தெரியும்தானே. சாமியை ஏமாற்ற அவருக்கு ஏலாது. டொக்டரையும் அம்மாவையும் ஏலும்.

போன வியாழன் துப்பறியப் புறப்பட்டு, பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்துச் சொசேஜ் கடையில் அவரைக் கையும் சோசுமாகப் பிடித்தேன். "அப்பா, உங்கடை நெஞ்சு?" என்றேன், நீதிபதிக் குரலில். அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை." பிறகு மெதுவாக, "அக்காட்டைச் சொல்லவே சொல்லாதை. பிள்ளை சோதினைக்குப் படிக்கிறாள்."

அட்டவணையில் இன்னொன்றும் உண்டு. ஞாயிறுகளில் கோபம் பூச்சியம். அதற்கு இறைச்சியும் காரணமில்லை, கத்தரிக்காயும் காரணமில்லை. அன்றுதான் நீ போன் எடுப்பாய்.

வேளைக்குச் சாப்பிடு, தலை காயாமல் வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சொல் தவறாத மரக்கறித் தம்பி,
ஆரூரன்

பின்குறிப்பு: நான் அப்பாவைக் கையும் சோசுமாகப் பிடிக்கவில்லை. அவர் வந்தபோது நான் ஏற்கெனவே அங்கே வாய் நிறையச் சொசேஜோடு நின்றேன். நெஞ்சைப் பற்றிக் கேட்டது உண்மை. நீதிபதிக் குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்பா கைலேஞ்சியால் என் கன்னத்துச் சோசைத் துடைத்துவிட்டு, "எத்தினையாம் தரம்?" என்றார். "நாலு." "எனக்கு அஞ்சு." இரண்டு பேரும் வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போனோம். அம்மா இரண்டு நெற்றியையும் பார்த்தார். தேத்தண்ணியை வைத்தார். திரும்ப இரத்தம் எடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காவலுக்கு நான் சரிவரமாட்டேன். அக்கா, ஒரு வியாழன் வாவன்.