கண்ணாடிக் கண்ணில் மூன்று புழு

பார்வையய்யா வீட்டில் காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். எந்தக் கண் நோய்க்கும் அவரிடம் ஒரே காரணம்தான்: உள்ளே புழு. புகை போடுவார், பஞ்சால் துடைப்பார், தண்ணீர்த் தட்டில் உதறுவார். புழு நெளியும். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாயில் ஈ புகுந்தால் அதையும் தன் மகிமை என்று சொல்லக்கூடிய மனிதர்!

வரிசையில் தையல்காரம்மாவும் நின்றாள். ஆறு மாதமாக அவளுக்குக் கண்கள் பிதுங்கி நின்றன. ஊசி இரண்டாகத் தெரிந்தது. எதில் நூல் கோப்பது? ஒருவருடைய கால்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். "இதப் போட்டுக்கிட்டு நான் தவளை மாதிரி குதிக்கணுமாம்மா?" என்று அவர் சிரித்தார். அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். கண் போனால் தொழிலும் போச்சே!

டாக்டர் விவரமாகத்தான் சொல்லியிருந்தார். "தைராய்டு கோளாறும்மா. உடம்பக் காவல் காக்கிற செல்லுங்க ஆள் தெரியாம, கண்ணுக்குப் பின்னால இருக்கிற சொந்தச் சதையையே அடிக்குது. அது வீங்கிக் கண்ணத் தள்ளுது. மாத்திரைய விடாதீங்க. புகை பக்கமே போகாதீங்க."

பார்வையய்யா சுருக்கமாகச் சொன்னார்: "மாத்திரைய நிறுத்து. அதத் தின்னுதான் புழு கொழுக்குது."

ஏழு வாரம் புகை போட்டார். கண் இன்னும் பிதுங்கியது. "பாத்தியா? பெரிய புழு வெளிய வர வழி தேடுது!" தோற்றாலும் ஜெயிக்கிற வைத்தியம்.

எட்டாவது வாரம் அவளுடைய கொழுந்தனும் கூடவே வந்தான். தச்சு வேலை செய்கிறவன். "எனக்கும் உறுத்துதுய்யா" என்று இடக்கண்ணைக் காட்டினான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பேசாம இருங்க அண்ணி" என்று கிசுகிசுத்தான்.

புகை, பஞ்சு, உதறல். ஒன்று, இரண்டு, மூன்று!

"இனி இந்தக் கண்ணுக்கு எறும்போட காலும் தெரியும்" என்றார் பார்வையய்யா.

"அப்படியா? எங்க, காட்டுங்க" என்ற கொழுந்தன் இடக்கண்ணைக் கழற்றித் தட்டில் வைத்தான். மரச்சிம்பு தெறித்துக் கண் போனபின் வைத்துக்கொண்ட கண்ணாடிக் கண் அது. புழுக்களுக்கு நடுவே கிடந்து பார்வையய்யாவையே முறைத்தது.

அவர் நழுவப் பார்த்தார். தையல்காரம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். மடிப்புக்குள் ஒரு திருட்டுப் பை. இருபது வருஷம் தைத்த விரலுக்கு அதைக் கண்டுபிடிக்கக் கண் எதற்கு? பிரித்து உதறினாள். நாளைய நோயாளிகளின் புழுக்களும் கொட்டின.

கூட்டத்தில் ஒருவர் கொதித்தெழுந்தார். கொழுந்தனின் சட்டையைப் பிடித்து, "கண்ணாடியிலயே புழு எடுத்தாருன்னா எவ்வளவு பெரிய சக்தி! அவரயா சோதிக்கிற?" என்று கையை ஓங்கினார்.

தையல்காரம்மா குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டர் சொன்னது இப்பத்தான் நல்லா விளங்குது. சொந்த ஆளயே அடிக்கிற காவல் உடம்புக்குள்ள இருந்தா மாத்திரை இருக்கு, நான் போய் வாங்கிக்கிறேன். உங்க மண்டைக்குள்ள இருக்கிறதுக்குக் கடையில மருந்து கிடையாது. நீங்களேதான் யோசிக்கணும்."