கொம்புத் தண்ணீர்

கள்ளிக்குப்பத்துக்கு ஒரு காண்டாமிருகக் கொம்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் திருநின்றவூரிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். இரவுப்பணி முடித்தவர்கள் கழுத்தில் கம்பெனி அட்டையோடு, கையில் காலி பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். படித்தவர்கள் இரண்டு பாட்டில்.

கொம்புக்குச் சொந்தக்காரர் கொம்புச் சித்தர். பத்து மாதத்துக்கு முன்புவரை உதயகுமார் என்ற பெயரில் செல்போன் உறை விற்றவர்; ஞானம் திடீரென்று வந்தது. கொம்பைத் தண்ணீரில் மூன்று சுற்று சுற்றிக் கொடுப்பார். குடித்தால் காய்ச்சல் போகும், மூட்டுவலி போகும், மாமியாரின் கோபம்கூடப் போகுமாம்.

யுவராணியின் குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். மருந்து கொடுத்தால் கொம்பின் சக்தி முறிந்துவிடும் என்று சித்தர் சொன்னதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. வரிசையில் அவள் தோளில் துவண்டு கிடந்த குழந்தையைப், கூட வந்திருந்த பக்கத்து வீட்டு லோகநாயகி தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

லோகநாயகி தினமும் கோயிலுக்குப் போகிறவள். வேலை, மண்ணூர்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் கம்பெனியில். கொம்பை உற்றுப் பார்த்தாள். நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பிளாஸ்டிக் வார்க்கும்போது அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் விழும் கோடு.

சண்டை போட்டால் யுவராணி நம்பமாட்டாள். அதனால் பணிவாகவே கேட்டாள்.

"சாமி, இது நெசமாவே காண்டாமிருகக் கொம்பா?"

"அசாம் காட்டுல என் கண்ணு முன்னாடி சுட்டு அறுத்தது தாயி. சத்தியம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லோகநாயகி அங்கேயே நின்று வனத்துறைக்குப் போன் செய்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"வந்துகினு கீறாங்க சாமி. அந்தக் கொம்பை வச்சிருந்தாலே ஏழு வருஷம் வரைக்கும் உள்ளயாம்."

சித்தருக்கு வியர்த்தது. "இன்னாக்கா நீ. இது வெறும் பிளாஸ்டிக்குக்கா."

"நாங்க எப்பிடி நம்பறது?"

அவரே தீப்பெட்டி கேட்டார். அவரே கொளுத்தினார். நிஜக் கொம்பு என்றால் முடி கருகும் நாற்றம் வரும். இது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சொட்டியது. நல்லா பாத்துக்கோங்க, போலி, சுத்தப் போலி என்று ஒவ்வொரு பக்தரிடமும் கெஞ்சினார். பகுத்தறிவை இத்தனை உருக்கமாக யாரும் பிரசாரம் செய்ததில்லை.

யுவராணி பாட்டிலைக் கவிழ்த்தாள். லோகநாயகி ஒரு சொல் திட்டவில்லை. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. வந்த வனத்துறையினர் போலீசில் ஒப்படைக்க, சித்தர் மோசடி வழக்கில் உள்ளே போனார்.

வரிசையில் நின்ற ஒருவர், அசல் கொம்பு எங்கே கிடைக்கும் என்று இன்னும் விசாரிக்கிறாராம். ஐயா, அசலில் இருப்பதும் உங்கள் நகத்தில் இருப்பதுதான். நீங்கள் விசாரிப்பதால்தான் எங்கோ ஒருவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். நம் காய்ச்சலுக்கு மருந்து என்றால் கடவுள் கொம்பை நம் மூக்கிலேயே முளைக்க வைத்திருப்பார். நமக்கு அவர் மூளையைத்தான் வைத்தார். சும்மா வைத்திருப்பதற்கல்ல.