கிமோனோ கட்டமாட்டேன்!

இனி ஜென்மத்துக்கும் கிமோனோ கட்டுவதில்லை என்று சபதம் செய்தேன். சபதம் செய்த இடம், கனசாவாவில் எங்கள் வீட்டுக் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள். வெளியே என் மனைவி ஃபுமியே.

"ஏங்க, நம்ம சினாட்சுவைக் கட்டிக்கப்போற பையனோட அப்பா அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க. முறைப்படி விருந்து. கோட்டு போட்டுக்கிட்டா நிப்பீங்க? வகுப்புல சேர்த்துவிட்டாச்சு, கிளம்புங்க!"

நேருக்கு நேர் மறுத்து நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆகவே, ஒரு திட்டம். வகுப்புக்குப் போவது. எதையும் உருப்படியாகச் செய்யாமலிருப்பது. டீச்சரே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

நோசுவே டீச்சர் முன்னால் கிமோனோவின் வலது பக்கத்தை மேலே போட்டு மடித்தேன். அவர் அலறினார்.

"ஐயையோ! பொணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க! இடது பக்கம் மேல வரணும் சார்!"

"எனக்கு இதுதான் டீச்சர் பொருத்தம்."

இடுப்புப் பட்டையைக் கழுத்தில் சுற்றினேன். மண்டியிடச் சொன்னார், பக்கவாட்டில் சரிந்தேன். வணங்கச் சொன்னார், பாயில் தலையை 'டொக்'கென்று மோதினேன். திட்டம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது.

கூடவே வந்து உட்கார்ந்திருந்த ஃபுமியே கோபப்படவே இல்லை.

"விடுங்க டீச்சர், இவருக்கு வராது. அன்னிக்கு இவருக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். அப்பா ஸ்தானத்துல பக்கத்து வீட்டு குராத்தா சாரை உட்கார வச்சுடலாம்."

"யாரு, குராத்தாவையா?"

"அவருக்குக் கிமோனோ என்ன எடுப்பா இருக்கும் தெரியுமா!"

அவருக்கு எடுப்பு, எனக்கு வெறும் இடுப்பு! என் பெண்ணுக்கு அந்த ஆள் அப்பாவா?

பட்டையைப் பிடுங்கினேன். இடது பக்கத்தை மேலே போட்டு இறுக்கிக் கட்டினேன். முதுகு வளையாமல் மண்டியிட்டேன். விரல் நுனிகளைச் சேர்த்து வைத்துத் தாழ வணங்கினேன்.

"எங்க பொண்ணை உங்க வீட்டுப் பொண்ணா..."

மறுபடியும் தலையைத் தாழ்த்தினேன். டீச்சர் மூக்கைத் துடைத்தார். ஃபுமியே என் காலரை நீவிவிட்டு, "இப்பத்தான் பொண்ணைப் பெத்தவர் மாதிரி இருக்கீங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. கால் மரத்துப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை. அத்தனை பெருமிதம்!

அப்போது கதவு சர்ரென்று நகர்ந்தது. கிமோனோவில், முகம் சிவக்க, குராத்தா! பின்னால் அவர் மனைவி செட்சுகோ, ஃபுமியேயைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஏன் சார்," என்று சீறினார் குராத்தா, "அடுத்த மாசம் என் பையன் கல்யாணத்துல எனக்குப் பதிலா நீங்க உட்காரப்போறீங்களாமே?"