கிராபிக்ஸ் கடைக்கு நான் பங்காளி ஆன கதை

போன வியாழக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. கொழுந்தியா கல்யாணப் பத்திரிகை அச்சாகி இருக்கும், தென்காசில கடைக்குப் போய் வாங்கிட்டு வரணும்.

ஆர்டர் கொடுத்தது மாமனாரு. ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். அவரு ஆர்டர் கொடுப்பாரு, நான் அலைவேன். இதுதான் எங்க வீட்டு ஏற்பாடு. மறுநாள் ஆய்க்குடி முருகன் கோயில்ல மொத பத்திரிகைய வச்சாகணும்னு சொல்லிட்டாரு.

கடைப் பேரு 'கிராபிக்ஸ்'னு முடியும். நம்ம பக்கம் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் அடிக்கிற கடை பூரா அப்படித்தான முடியுது. அண்ணன் தம்பி ரெண்டு பேரு நடத்துதாங்க. அண்ணன் கல்லால இருப்பாரு, தம்பி உள்ள கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணுவாரு.

போய் மாமனாரு பேரைச் சொன்னேன். அண்ணன் என்னைய ஏற இறங்கப் பாத்தாரு.

"நீருதான் அந்த மருமவனா?"

"ஆமா அண்ணாச்சி. பத்திரிகை..."

"பத்திரிகை கெடக்கட்டும். எங்க கடைல எவ்வளவு பங்கு வாங்கிருக்கீரு? அத மொதல்ல சொல்லும்."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவரே சொன்னாரு. ஆர்டர் கொடுக்க வந்த அன்னிக்கு மாமனாரு, "எங்க மருமவரு உங்க கிராபிக்ஸ் கார்டு கம்பெனில பங்கு போட்டிருக்காரு, பாத்து ரேட்டு போடும் வே"ன்னு மீசைய நீவிக்கிட்டே சொல்லிட்டுப் போயிருக்காரு.

அப்பத்தான் வெளங்குச்சு.

நான் வாங்குனது கம்ப்யூட்டர்க்குள்ள சொருகுத கிராபிக்ஸ் கார்டு செய்யுத வெளிநாட்டுக் கம்பெனியோட பங்கு. அதுவும் முழுப் பங்கு இல்ல. முழுசா வாங்க வக்கில்லாதவங்களுக்குத் தேங்காய்ச் சில்லு மாதிரி கீறிக் குடுப்பாங்க, அதுல ஒரு சில்லு. வாங்குன அன்னிக்கு, மிக்சி ஓடிக்கிட்டிருக்கும்போது, எம்பொண்டாட்டி கோமதிட்ட, "கிராபிக்ஸ் கார்டு கம்பெனில பங்கு வாங்கிருக்கேன்"ன்னேன். "நல்லதுதான், எல்லா முகூர்த்தத்துக்கும் ஓடும்"ன்னா. பங்குச் சந்தைல தீபாவளி அன்னிக்கு முகூர்த்த வியாபாரம்னு ஒண்ணு உண்டு, அதத்தான் சொல்லுதான்னு நெனச்சேன். எவ்வளவு வெவரமான பொண்டாட்டின்னு அன்னிக்குப் பூரா பெருமையா வேற இருந்துச்சு. அவ பத்திரிகைக் கார்டுன்னு நெனச்சு அப்பாட்டயும் சொல்லியிருக்கா.

"அண்ணாச்சி, நான் வாங்குனது வேற கம்பெனி."

"சும்மா இரும். நான் விக்கல. அப்ப எனக்குத் தெரியாம என் தம்பிதான வித்திருக்கணும்? கேட்டேன். கோவிச்சுக்கிட்டுக் குத்தாலத்துக்குப் போயிட்டான். உம்ம பத்திரிகை பாதி டிசைன்ல நிக்கி. பாஸ்வேர்டு அவன்ட்ட இருக்கு. போனும் எடுக்க மாட்டுக்கான்."

மாமனாரு முகம் கண்ணு முன்னால வந்துச்சு. பைக்க எடுத்தேன்.

சாரல் மூஞ்சில ஊசி மாதிரி அடிக்கி. குத்தாலத்துல கார் நிறுத்த எடம் இல்லாம ரோடே நிக்கி. தம்பி எப்பவும் தங்குவாருன்னு அண்ணன் சொன்ன லாட்ஜுல, "அவரு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்காரு"ன்னுட்டாங்க.

அங்கன போனா, அண்ணன் சாடையிலேயே ஒருத்தர் தலை நெறைய எண்ணெயோட அருவிக்கு அடில நிக்காரு. கூப்பிட்டா கேக்காது. வேற வழி? சட்டையக் கழட்டி, போனை அதுல சுத்தி வச்சுட்டு, பேண்ட்டோட உள்ள போனேன்.

"நான் உங்க பங்கு வாங்கல. அது வேற கம்பெனி."

தண்ணிச் சத்தத்துல அவருக்குப் பாதிதான் விழுந்துச்சு.

"வேற கம்பெனிக்கா? எங்கண்ணன் கடைய வேற கம்பெனிக்கு வித்துட்டானா?"

"விக்கல. அமெரிக்கா கம்பெனி அது."

"அமெரிக்காக்காரனுக்கா வித்தான்?"

பக்கத்துல குளிச்ச ஆலங்குளத்துக்காரர் ஒருத்தர் காதுல தண்ணிய வழிச்சுக்கிட்டே, "சார், அந்தப் பங்கு இப்ப வாங்கலாமா, எறங்கட்டும்னு பாக்கணுமா?"ன்னு கேட்டாரு. அருவிலயே தண்ணி எறங்கல, நான் எதைச் சொல்ல.

அதுக்குள்ள போலீஸ்காரர் விசிலை ஊதிட்டாரு. "சொத்துத் தகராறா? வெளிய போய்ப் பேசுங்கடே. மத்தவன் குளிக்க வேண்டாமா?"

வெளிய வந்து, ஆளுக்கொரு வாழைக்கா பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, போனைத் தொறந்து நான் வாங்குன சில்லைக் காட்டுனேன். தம்பி தலையத் தொவட்டிக்கிட்டே ரொம்ப நேரம் பாத்தாரு.

"இந்தக் கம்பெனியா? எங்க கம்ப்யூட்டர்ல கெடக்க பழைய கார்டு இவங்களுதுதான். பெரிய போட்டோ தொறந்தா அப்படியே தொங்கி நிக்கி. நீங்கதான் பங்குதாரராச்சே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"தம்பி, என் பங்குக்கு அந்தக் கம்பெனி வாசல் மிதியடில ஒரு நூலு வேணா எனக்கு வரும்."

சிரிச்சிட்டாரு. பொறவு தொவட்டுன துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே, "என்னையப் போய்ச் சந்தேகப்பட்டுட்டான் சார்"ன்னாரு. நான் இன்னொரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். வேற என்ன செய்ய? பொறவு அவரே பைக்ல ஏறி உக்காந்தாரு.

கடைல எறங்கி நின்னோம். அண்ணன் தம்பியப் பாத்தாரு. "சாப்பிட்டியாலே?"ன்னாரு. "ம்"ன்னுட்டுத் தம்பி உள்ள போனாரு. அவ்வளவுதான் சமாதானம். இதுக்குத்தான் நான் நனைஞ்ச பேண்ட்டோட நின்னேன்.

சாயங்காலம் பார்சல் வீட்டுக்கு வந்துச்சு. மாமனாரு அதப் பிரிச்சு ஒரு பத்திரிகைய என் கைல கொடுத்தாரு. கீழ சொந்தக்காரங்க பேரு, படிப்பு, உத்தியோகம் எல்லாம் வரிசையா இருக்கு. எம்பேருக்குப் பக்கத்துல, 'பங்குதாரர், கிராபிக்ஸ் கார்டு கம்பெனி, தென்காசி.'

"வீட்ல இருந்து கம்ப்யூட்டர் வேலை பாக்காருன்னு போட்டா எவன் மதிப்பான் மாப்ள? அதான் நானே எழுதிக் கொடுத்தேன்"ன்னாரு.

தம்பிக்குப் போன் போட்டேன். "இத நீங்க பாக்கலியா?"

"பாத்தேன் சார். ஊரு மட்டும்தான் தப்பு. அத மாத்துனா ரெண்டாவது வரிக்குப் போகுது. டிசைன் கெட்டுரும்னு விட்டுட்டேன்."

இப்பக் கடையநல்லூர்ல இருந்து செங்கோட்டை வரைக்கும் சொந்தக்காரங்க போன் மேல போன். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா. எல்லாருக்கும் கார்டு அடிக்கணும், கொறச்சுப் போடச் சொல்லணும்.

அந்த வெளிநாட்டுக் கம்பெனிப் பங்கு இன்னிக்கு என்ன வெலைன்னு எனக்குத் தெரியாது. நூறு பத்திரிகை, கவரோட, என்ன வெலைன்னு கேளுங்க, சொல்லுதேன்.